பத்திக்கில் தையல் தப்பும்

ஒக்கலிபுரம்,
பெங்களூர்,
8 ஜூலை 2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

நான் சுகம். முட்டிவலியும் என்னோடு சுகமாகவே இருக்கிறது. நீயும் உன் அம்மா டோரதியும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டரை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தையல் மெஷின்தான் மக்கர் பண்ணுகிறது.

உனக்கும் அஷ்வினுக்கும் விவாகரத்து ஆன அன்று, கோர்ட்டிலிருந்து வந்தவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, இனிமே நீ பிரிஜெட்கூட போன்ல பேசக் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது. சத்தியம் பண்ணு" என்றான். அழுதுகொண்டிருந்தான். பெற்ற பிள்ளை அழுதால் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்துவிடுகிறோம். ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆபீஸில் ஆர்டர் டைப் அடித்தவள் நான். ஆர்டரில் இல்லாததை யாரும் தடுக்க முடியாது.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று கேட்காதே. எழுத எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். மெழுகு வைத்துச் சாயம் போட்ட பத்திக் துணிகளை நாம் இருவரும் சேர்த்துவைத்தோமே, அவற்றை வெட்டி எனக்கென்று ஒரு குவில்ட் போர்வை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துணிகளைக் கட்டிலில் பரப்பினால், அறையே மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருக்கிறது. நீலமும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. ரயில் போகும்போது தரை லேசாக அதிரும் இல்லையா, அப்போது துணியில் இருக்கும் இலைகள் அசைவதாகவே தோன்றும். அப்படியே கண் சொருகிவிடும். எழுந்து தைக்க உட்கார்ந்தால் எல்லாச் சுகமும் போயிற்று. நாலு தையல் விழுகிறது, ஐந்தாவது தப்புகிறது. நடுநடுவே நூலும் அறுகிறது. சாதாரணப் பருத்தியில் சமர்த்தாக ஓடும் மெஷின், பத்திக்கைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது.

இந்தத் தையலை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் நீ. என்ன செய்வதென்று நீதான் சொல்ல வேண்டும். பதில் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போடு.

உன் அத்தை,
சாந்தகுமாரி


பிரேசர் டவுன்,
15 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நலம். முட்டிக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் தடவையும் அங்கேயே படித்தேன். ஆறு கிலோமீட்டர் வருவதற்கு அது ஐந்து நாள் எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நடந்தே வந்திருக்கலாம். என்ன செய்ய, சத்தியம் செய்திருக்கிறீர்களே.

மெஷின் மேல் தப்பில்லை. பத்திக் ரொம்ப நெருக்கமாக நெய்த துணி. அப்படி இருந்தால்தான் மெழுகும் சாயமும் கோடு தாண்டாமல் நிற்கும். அதில் மழுங்கிய ஊசி இறங்காது. இடித்து லேசாக வளையும், கீழே இருக்கிற நூலைப் பிடிக்காமல் மேலே வந்துவிடும். தையல் தப்புவது அதனால்தான். இப்போது மாட்டியிருக்கும் ஊசியை முதலில் தூக்கி எறியுங்கள். அது நான் அந்த வீட்டில் இருந்தபோது போட்ட ஊசிதானே? உண்மையைச் சொல்லுங்கள். மெல்லிய கூர்முனை ஊசி, பதினோராம் நம்பர், வாங்கிப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் தைத்ததும் அதையும் மாற்றுங்கள். நூலும் மெல்லிசாக இருக்கட்டும். வெட்டாத துணிகளை வெந்நீரில் அலசிவிடுங்கள், மெழுகு மிச்சம் இருந்தால் ஊசியில் ஒட்டும்.

இன்னொன்று. தப்பாக விழுந்தால் பிரித்துவிடலாம் என்று அசட்டையாக இருக்காதீர்கள். மற்றத் துணிகளில் பிரித்த இடம் தெரியாது. பத்திக்கில் ஊசி போன துளை அப்படியே நிற்கும். துண்டுத் துணியில் பழகிவிட்டு அப்புறம் போர்வைக்கு வாருங்கள்.

எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது அத்தை. உங்கள் மெஷின் இன்னும் நிறைய மக்கர் பண்ணட்டும்.

அன்புடன்,
பிரிஜெட்


ஒக்கலிபுரம்,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

எண்ணெய் தடவினேன், சுகம். டோரதியின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஆமாம், நீ போட்ட ஊசிதான். மாற்றினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. நான் சும்மா மெஷினைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த போஸ்ட்மேன் கோவிந்தப்பா, "ஏனம்மா, ஈ காலதல்லி லெட்டரா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில்தான் ரொம்பத் தேவை என்று கன்னடத்திலேயே சொல்லி அனுப்பினேன்.

நேற்று மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. நீயும் நானும் ஒரு பெரிய பத்திக் துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து உலர்த்துகிறோம். துணி முடியவே இல்லை. உன் முகம் தெரியவில்லை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அத்தை, இழுத்துப் பிடிங்க" என்று உன் குரல் மட்டும் வருகிறது. நான் இழுக்க இழுக்க, நீலம் நீலமாக வந்துகொண்டே இருக்கிறது. கண் விழித்தபோது ஸ்டேஷனில் மூன்று பாஷையில் ஏதோ ஒரு வண்டி தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை.

போர்வையில் பச்சைதான் குறைகிறது. சிக்பேட்டையில் கிடைப்பதெல்லாம் கிளிப்பச்சை, கண்ணைக் குத்துகிறது. உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?

உன் அத்தை,
சாந்தகுமாரி


பிரேசர் டவுன்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

இருவரும் நலம். அம்மாவின் சர்க்கரை மட்டும் கேக் வாசனை பட்டாலே ஏறுகிறது.

இத்துடன் பச்சைத் துணி இரண்டு மீட்டர் அனுப்பியிருக்கிறேன். விரித்துப் பாருங்கள். பாசி படிந்த குளத்தில் சாயங்கால வெயில் விழுந்த மாதிரி இருக்கும். எனக்குக் குவில்ட் ஆர்டர் தருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள் என்று பீரோவில் அடியில் ஒளித்துவைத்திருந்தேன். உங்கள் காலுக்குப் பக்கம் வருகிற மாதிரி தையுங்கள். குளிர்காலத்தில் அந்த முட்டியின் மேல் அது கிடக்க வேண்டும்.

நான் பார்சல் கட்டும்போது அம்மா கேட்டாள்: "இன்னும் எதுக்குடி அவங்கள அத்தைன்னு எழுதுற? பேப்பர்ல சைன் போட்டு முடிச்சாச்சில்ல?" அஷ்வினை இழந்ததற்கு நான் அழுது முடித்துவிட்டேன். உங்களை இழந்ததற்கு எங்கே போய் அழுவது என்றுதான் இத்தனை நாளும் தெரியவில்லை. மாமியாரைப் பிரிந்தவள் என்று சொல்லிக்கொண்டு அழுதால் சிரிப்பார்கள்.

அதனால் நேராகக் கேட்கிறேன். நான் உங்களை இன்னும் அத்தை என்று கூப்பிடலாமா? இன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதும்? ஒரு வரி எழுதுங்கள், அம்மாவிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
பிரிஜெட்


ஒக்கலிபுரம்,
27 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் சில வேலைகள், வந்துபோகிறவர்கள்.

பச்சை வந்து சேர்ந்தது. ரொம்ப அழகு. வெட்ட மனசு வராமல் மூன்று நாள் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

போர்வையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று இருக்கிறேன். தொண்ணூறுக்கு நூறு அங்குலம். பின்பக்கத்துக்கும் பத்திக்கே போடலாமா? நடுவில் பஞ்சு வைத்த பிறகு மேலே வளைவு வளைவாகத் தைப்பாயே, அதை எப்படிப் பழகுவது? தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இன்று கை வலிக்கிறது.

சாந்தகுமாரி


பிரேசர் டவுன்,
5 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கை வலி எப்படி இருக்கிறது? முட்டியிலிருந்து கைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதா?

தொண்ணூறுக்கு நூறா? உங்கள் கட்டில் மூன்றடி அகலம். கூட யானையைப் படுக்க வைக்கப்போகிறீர்களா? தை மாதம் என்ன அவசரம் என்றும் புரியவில்லை. சரி, உங்கள் இஷ்டம்.

பின்பக்கத்துக்குப் பத்திக் வேண்டாம். மேலேயும் கீழேயும் பத்திக் என்றால் ஊசி இரண்டு சுவரில் ஆணி அடிக்கிற பாடு படும். பழைய காட்டன் சேலை மாதிரி நெகிழ்வான துணி போடுங்கள்.

வளைவுத் தையலுக்கு, துணியை இழுக்கிற பல்லைக் கீழே இறக்கிவிடுங்கள். அப்புறம் துணியை நகர்த்துவது உங்கள் கைதான். கை வேகமாகப் போய் மெஷின் மெதுவாக ஓடினால், வளைவுகளில் அடிப்பக்கம் இமைமுடி மாதிரி நூல் நூலாக நிற்கும். இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். துண்டுத் துணியில் பஞ்சு வைத்து, ஏதாவது ஒரு பெயரை எழுதி எழுதிப் பழகுங்கள். கையெழுத்து போடுகிற மாதிரி, எடுக்காமல். பெயர் எழுதினால் கை தானாக வளையும்.

மழை நாளில் எனக்கு இந்த வேலைதான் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறதோ அப்படியே துணியில் தைத்துக்கொண்டு போவேன். மெஷின் சத்தமும் மழைச் சத்தமும் கலந்து, நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். நிறுத்தும்போது பார்த்தால் காபி ஆறி ஏடு கட்டியிருக்கும்.

அந்த ஒரு வரிக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பிரிஜெட்


ஒக்கலிபுரம்,
12 நவம்பர் 2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. நீயும் டோரதியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லை இறக்கிப் பழகுகிறேன். மேலே பார்க்க நன்றாக இருக்கிறது. அடியில் திருப்பினால் நூல் கொத்துக் கொத்தாக வளையம் போட்டு நிற்கிறது. நீ சொன்ன இமைமுடி இல்லை, இது குருவிக்கூடு. வேகத்தை எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்துவிட்டேன். எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. பழகின துண்டுகளில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல். அஷ்வின் வருகிற நேரம், அவசரமாக மடித்து ஒட்டுகிறேன். மற்றவை பிறகு.

சாந்தகுமாரி


பிரேசர் டவுன்,
19 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய சாந்தகுமாரி அம்மாள் அவர்களுக்கு,

நலம். துண்டுத் துணி கிடைத்தது.

அடியில் வளையம் விழுந்தால் குறை மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோக்கிறீர்கள். அப்போது நூலை இறுக்குகிற டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் அதற்குள் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோக்கவும். தைக்கும்போது மறக்காமல் இறக்கவும்.

'தீபிகா' என்ற பெயரைப் பதினாலு தடவை எழுதியிருக்கிறீர்கள். பத்தாவதிலிருந்து நன்றாக வந்திருக்கிறது.

பிரிஜெட்


ஒக்கலிபுரம்,
30 நவம்பர் 2024

என் பிரிஜெட்டுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

எந்தத் துண்டை அனுப்பினேன் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பூ வளைவு பழகின துண்டை வைத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஷ்வினுக்கு செப்டம்பரில் நிச்சயமானது. தீபிகா சேலத்துப் பெண், ஈஜிபுராவில் தங்கி வேலை செய்கிறாள். கல்யாணம் பிப்ரவரி ஒன்பது. எனக்கென்று ஆரம்பித்த போர்வைதான் இது, சத்தியமாக. நிச்சயத்தன்று என் கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டு, "மருமகளுக்கா தைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பெரிதாக்க வேண்டியதாயிற்று.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயம். ஊசியும் நூலும் பேசிக்கொண்டே இருந்தால் நீ இருப்பாய் என்று நினைத்தேன். நான் செய்தது கேவலமான காரியம், பிரிஜெட்.

இப்போது மத்தியானம் படுத்தால் தூக்கம் வருகிறது, கனவு வருவதில்லை.

சாந்தகுமாரி


பிரேசர் டவுன்,
17 ஜனவரி 2025

அத்தை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். என்னவென்று எழுதுவது என்று தெரியாததால் எதுவும் எழுதவில்லை.

நலம். அம்மாவும் நலம்.

ஒன்றரை மாதமாக மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்த கடிதம் இது. அஷ்வின் கல்யாணம் செய்துகொள்வது எனக்கு வலிக்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் வலித்தது, அப்புறம் இல்லை. அவளுடைய கட்டிலுக்குப் போடும் போர்வைக்கு என்னிடமே யோசனை கேட்டீர்களே, அதுதான் வலிக்கிறது. பெயர் எழுதிப் பழகச் சொன்னவளும் நான்தான். நீங்கள் என் பெயரைத்தான் எழுதிப் பழகுவீர்கள் என்று முட்டாள் மாதிரி நினைத்திருந்தேன். அந்தப் பச்சைத் துணியை உங்கள் முட்டிக்காக அனுப்பினேன். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணக் கட்டிலுக்காக இல்லை.

நான் கேட்ட ஒரு வரிக்கு நீங்கள் பதில் எழுதவே இல்லை. பிப்ரவரி ஒன்பதுக்குப் பிறகு உங்களை அத்தை என்று கூப்பிட வேறொருத்தி வந்துவிடுவாள். அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையிடம் செய்த சத்தியத்தை இம்மி பிசகாமல் காப்பாற்றினீர்கள். எனக்காக ஒரே ஒரு தடவை அதை மீறிக்கொண்டு வந்திருக்கலாம். இந்த மூன்று வருஷத்தில் கேட் திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கள்தானோ என்று எட்டிப் பார்த்திருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம். எனக்குத் தாங்கவில்லை.

பிரிஜெட்


ஒக்கலிபுரம்,
20 பிப்ரவரி 2025

என் பிரிஜெட்டுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

கல்யாணம் நடந்தது. உன் பச்சையை நான் கொடுக்கவில்லை. தையலைப் பிரித்தால் துளை நிற்கும் என்று நீ சொல்லியிருக்கிறாயே, அதனால் பிரிக்காமல், அந்தப் பச்சை வரிசைகளைப் பக்கத்துத் துணியோடு சேர்த்து அப்படியே வெட்டி எடுத்துவிட்டேன். போர்வை இருபது அங்குலம் குறைந்துபோயிற்று. புதுப் பெண்ணுக்குக் கால் வெளியே நீளும். நீளட்டும், பெங்களூர்க் குளிரில் யாரும் விறைத்துப்போவதில்லை. பெயரும் போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். ரசம் ஊற்றும்போது சொன்னேன்:

"அஷ்வின், அந்தச் சத்தியத்தத் திருப்பி எடுத்துக்கோடா. நான் பிரிஜெட்டப் பார்க்கணும்."

"எந்தச் சத்தியம்மா?" என்றான்.

நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். கோர்ட், சமையலறை வாசல், அவன் அழுதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை இலையில் அப்படியே நின்றது.

"அப்படியா சொன்னேன்? அன்னிக்கி என்னென்னமோ பேசியிருப்பேன்மா. எனக்கு ஞாபகமே இல்ல. நீ அதுக்காகவா மூணு வருஷமா போகாம இருந்த?"

தீபிகா என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "உட்காருங்க அத்தை" என்றாள்.

பிரிஜெட், அவன் அடுத்த மாதமே மறந்துபோனதை நான் மூன்று வருஷம் காவல் காத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு என் மேல்தான் கோபம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதவே கூசுகிறது. அந்தச் சத்தியம் எனக்கும் வசதியாக இருந்தது. அது இல்லாவிட்டால் அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் பிள்ளை உன்னைத் தனியாக விட்டபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்டிருப்பாய். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

நீ கேட்ட அந்த ஒரு வரி: கூப்பிடு. அவளும் கூப்பிடட்டும். எனக்குக் காது இரண்டு இருக்கிறது.

உன் அத்தை,
சாந்தகுமாரி

22 பிப்ரவரி, சனிக்கிழமை, காலை பதினொன்றரை

இதைத் தபாலில் போட மனசு வரவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன். பென்சிலில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் வீட்டு வாசலில் இருபது நிமிஷமாக நிற்கிறேன். தெருவெல்லாம் ரோஸ் நிறப் பூ உதிர்ந்துகிடக்கிறது, நிமிர்ந்து பார்த்தால் வானமே பத்திக் துணி மாதிரி இருக்கிறது. நான் நிஜமாகவே வந்துவிட்டேனா, இல்லை கட்டிலில் படுத்திருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. உள்ளே உன் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பெல்லில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை. இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நீ பார்க்க வேண்டாம் என்றால் தைத்துக்கொண்டே இரு. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.


(அதே தாளின் பின்பக்கத்தில், கதவுக்கு அடியில் திரும்பி வந்தது)

அத்தை,

மெஷினை நிறுத்திவிட்டேன். உங்கள் கால் இரண்டும் கதவு இடுக்கில் தெரிகிறது. முட்டிவலியோடு இருபது நிமிஷமா நிற்பார்கள்? நான் இன்னும் பயங்கரக் கோபத்தில்தான் இருக்கிறேன். நிறையத் திட்டப்போகிறேன், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. அம்மா வேறு தனியாகத் திட்டக் காத்திருக்கிறாள். அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

கதவுக்குத் தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

பிரிஜெட்